அவள் வாயால் சொல்ல வேண்டும்

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சாமான்களை ஒதுக்கிய இளம் நர்சுகள், டாக்டர் அறைச் சுவரில் தொங்கிய ஒரு போட்டோவைக் கழற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி மூன்று பெண்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"யாரு சிஸ்டர் இவங்க? நம்ம ஆஸ்பத்திரியைக் கட்டினவங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இல்லை. இந்த நான்கு பேரில் ஒருவர்கூட இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனால் இவர்கள் நான்கு பேருமே டாக்டர்கள். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில், போன நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். இவர்களுடைய வீட்டுச் சண்டை ஒன்று எங்கள் வார்டுக்குள் வந்து நின்றதையும், அதனால் குற்றாலத்தில் நான் பட்ட பாட்டையும் அந்தப் பெண்களுக்குச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் மேலகரத்துக்காரி. பெயர் பாக்கியத்தாய். பதினெட்டு வயதில் திருநெல்வேலியில் நர்ஸ் பயிற்சிக்குப் போய், மூன்று வருடம் பெட்பேன் கழுவி, படுக்கை மடித்து, பிரசவம் பார்த்துப் பழகிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினேன். தென்காசியிலிருந்து மேலகரம் போகிற சாலையில் பெண்களுக்கென்று இருந்த சிறிய மிஷன் ஆஸ்பத்திரி அது. இருபது கட்டில். ஒரே டாக்டர். மெர்சி எல்டன் என்று பெயர். ஊரெல்லாம் மெர்சியம்மா என்றே சொல்லும்.

மெர்சியம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். எலும்பும் தோலுமாக உயரமாக இருப்பார். நடக்கும்போது சத்தம் வராது. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். நாங்கள் அவர் குரல் தாழ்வதற்குத்தான் பயப்படுவோம். பண்டிதர் ஒருவரிடம் தமிழ் படித்தவர் என்பதால் "நீ ஏன் தாமதித்தாய்?" என்று புத்தகத்தில் இருப்பதுபோல்தான் பேசுவார். நோயாளிகள் பேசுவது அவருக்குப் பாதிதான் புரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் நான்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் புருஷனிடமோ அப்பனிடமோ கைநாட்டு வாங்குவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலும் வாங்குவோம். ஆனால் மெர்சியம்மாவுக்கு அது போதாது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். என்ன செய்யப் போகிறோம், எங்கே வலிக்கும், எத்தனை நாள் படுக்க வேண்டும், பலிக்காமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக என்னைச் சொல்லச் சொல்வார். கடைசியில் "செய்யட்டுமா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "உங்களுக்குத் தெரியாததா அம்மா, உங்க இஷ்டம்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். சில பேரிடம் வார்த்தை வாங்க மூன்று நாள்கூட ஆகியிருக்கிறது. எங்களுக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மத்தியானம் கத்திகளையும் கத்தரிகளையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தை வாங்க எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேவிட்டேன். அப்போதுதான் அந்தப் போட்டோவைக் காட்டினார்.

நாற்காலியில் இருப்பவர் அவருடைய தாத்தா. பக்கத்தில் நிற்பவர் பாட்டி. தாத்தாவே பாட்டிக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்திருக்கிறார். பெண் வைத்தியம் பார்ப்பதா என்று ஊர் சிரித்த காலம். மற்ற இருவரும் அத்தைகள். பெரிய அத்தை மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது கூடப் படித்த ஆண்கள் சேற்றை வாரி எறிந்தார்களாம். சின்ன அத்தை பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்கு வைத்தியம் பார்த்து, அவர்களுக்காக முதலாளிகளோடு மல்லுக்கு நின்றவர். கறுப்பு மனிதர்களை அடிமையாக வைக்கக் கூடாது என்று தாத்தா ஊர் ஊராகப் பேசினார். வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை எத்தனையோ தடவை கல்லெறிந்து உடைத்திருக்கிறார்கள்.

"எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சிரிப்பதற்கு நேரம் கிடையாது, பாக்கியம். உலகத்தைத் திருத்த வேண்டியிருந்தது" என்றார் மெர்சியம்மா.

பிறகு குரல் தாழ்ந்தது.

தாத்தா மாணவராக இருந்த காலத்தில், தொழில் கற்றுக்கொள்ள அந்த நாட்டின் தெற்குப் பக்கம் போயிருக்கிறார். அங்கே ஒரு வைத்தியர், பிரசவத்தில் அடிபட்டு மூத்திரம் ஓயாமல் ஒழுகுகிற பெண்களுக்குத் தையல் போட்டுக் குணப்படுத்தும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தவர்கள் அடிமைப் பெண்கள். மயக்க மருந்து இல்லை. எஜமான் சம்மதித்தால் போதும். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. தாத்தாவின் வேலை, அவர்கள் அசையாமல் தோளைப் பிடித்துக்கொள்வது. ஒரே பெண்ணை மறுபடி மறுபடி பிடித்திருக்கிறார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அடிமைத்தனத்துக்கு எதிராக அவர் பேசியது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பெண்களைப் பற்றி முப்பது வருடம் அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் அத்தைகள் கண்டுபிடித்தார்கள். சின்ன அத்தை இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. பெரிய அத்தை மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். இந்த வீட்டில் இனி யாரும், நோயாளி தன் வாயால் சொல்லாமல் கத்தியைத் தொடக் கூடாது."

அந்தத் தையலைத்தான் மெர்சியம்மாவும் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முன்னால், ஆனி மாதத்தில் கோமதி வந்தாள். பதினாறு வயது. வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பெண். வாசுதேவநல்லூரில் பெரிய விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் வலி எடுத்து, குழந்தை செத்துப் பிறந்து, அதற்கப்புறம் மூத்திரம் நிற்காமல் ஒழுகத் தொடங்கிவிட்டது. புருஷன் வீட்டில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அப்பா கொண்டுவந்து எங்களிடம் சேர்த்துவிட்டு, நடவு கிடக்கிறது என்று ஊருக்குத் திரும்பினார். கோமதி கட்டிலில் படுக்க மாட்டேன் என்றாள். தரையில் சாக்கு விரித்து, வாசலுக்குப் பக்கத்தில், யாருக்கும் நாற்றம் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மெர்சியம்மா அவளுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்து கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கோமதி உடனே, "செய்யுங்கம்மா. செத்தாலும் சரி" என்றாள்.

"சாவதைப் பற்றி நான் கேட்கவில்லை" என்றார் மெர்சியம்மா.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "செய்யுங்க. எனக்கு வேணும்" என்றாள்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. மெல்லிய வெள்ளிக் கம்பியால் ஏழு தையல். ஆனால் இந்த நோயில் ஆபரேஷன் பாதி வேலைதான். மீதி எங்கள் கையில். மூத்திரப் பையில் ஒரு ரப்பர் குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டிருப்போம். பதினான்கு நாள் அது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பை நிறையவே கூடாது. நிறைந்தால் தையல் பிரிந்துவிடும். மணிக்கு ஒரு தடவை சொட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நோயாளி எழுந்திருக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள்.

கோமதியின் மாமனார், புருஷன், இன்னும் எட்டுப் பத்து ஆட்கள். மாமனார் திடமான மனிதர், நரைத்த மீசை. வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "எங்க வீட்டுப் பிள்ளைய வேதக்கார ஆஸ்பத்திரியில போட்டு வேதத்துல சேக்கப் போறாவன்னு ஊரே பேசுது. கூட்டிட்டுப் போறோம்" என்றார்.

மெர்சியம்மா தையலைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மாமனார் கேட்டதாகத் தெரியவில்லை. "கட்டுன புருஷன் நிக்கான். அவன் சொன்னா போதும்லா?" என்றார்.

"போதாது. அவளைக் கேட்க வேண்டும்" என்றார் மெர்சியம்மா.

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மற்ற நோயாளிகள் தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். புருஷன்காரன் இருபது வயதுப் பையன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமனார் குனிந்து, "என்னட்டி, வாரியா?" என்றார்.

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். "வாரேன் மாமா" என்றாள்.

மெர்சியம்மா என்னைப் பார்த்தார். ஐந்து நாள், இன்னும் ஐந்தே நாள். மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனால் ஒரு மைல் தாண்டுவதற்குள் ஏழு தையலும் போய்விடும். நான் இங்கிலீஷில் சொன்னேன். வரவில்லை என்கிறாள், இங்கேயே இருக்கிறேன் என்கிறாள் என்று.

அந்த ஆட்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மெர்சியம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"பாக்கியம், அவள் அவ்விதம் சொல்லவில்லை."

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மெர்சியம்மா ஆண்களையெல்லாம் வராந்தாவுக்கு அனுப்பினார். அவர் குரல் தாழ்ந்திருந்ததாலோ என்னவோ, மாமனார் முணுமுணுத்துக்கொண்டே போனார். மெர்சியம்மா கோமதியிடம் மறுபடி கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. "நான் போகலைன்னா எங்கய்யாவ ஊருக்குள்ள இருக்க விடமாட்டாவ அக்கா. போறேன்னு சொல்லுங்க" என்றாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

மெர்சியம்மா ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நேரே வராந்தாவுக்குப் போய் மாமனாருக்கு எதிரில் நின்றார்.

"அவள் போகிறேன் என்கிறாள். போகட்டும். ஆனால் அவள் வயிற்றில் இருக்கும் குழாய் என்னுடையது. அது ஐந்து நாள் கழித்தே வெளியே வரும். குழாய் இருக்கும் இடத்தில் என் நர்ஸ் இருப்பாள். கட்டிலோடு தூக்கிச் செல்லுங்கள். வண்டி கூடாது."

மாமனார் யோசித்தார். சாரலுக்காகக் குற்றாலத்தில் அவர்கள் வீடு எடுத்திருந்தார்கள். இரண்டு மைல்தான். கடைசியில், "நர்சு வரட்டும். ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சா அனுப்பிருவேன்" என்றார்.

மெர்சியம்மா ஒரு தகரப் பெட்டியில் எல்லாவற்றையும் தாமே எடுத்து வைத்தார். பீச்சாங்குழல், புண் கழுவும் போரிக் பொடி, மாற்று ரப்பர் குழாய், பஞ்சு, நோட்டு. என்னிடம் பொய்யைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். நான் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழ்மட்டத்தில் குனிந்தபடியே நடந்தேன். புட்டி மேலே போனால் சொட்டு நின்றுவிடும். மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. என் ஊர்க்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் நிமிரவில்லை.

குற்றாலத்து வீட்டில் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். எனக்குச் சோறு இலையில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். மாமியார் பெயர் ஆவுடையம்மாள். ஊரில் ஆவுடையாச்சி என்பார்கள். முதல் நாள் அறை வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எத்தனை நாளைக்கு? கீறிப்போட்டா மட்டும் நின்னுருமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறைக்குள் வரவே இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சொட்டு நின்றுவிட்டது.

முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கும் என்று தடவிப் பார்த்தேன். மடங்கவில்லை. கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, அடிவயிறு கனக்குது" என்றாள். கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே லேசாக உருண்டு திரண்டிருந்தது. பை நிறைகிறது. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினால் போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தையல் அதுவரை தாங்காது. அடுப்பில் போரிக் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பீச்சாங்குழலில் ஒரே ஒரு அவுன்ஸ் எடுத்தேன். வேகமாகத் தள்ளினால் அதுவே தையலைப் பிரித்துவிடும். எறும்பு நகர்கிற மாதிரி தள்ளினேன். தண்ணீர் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இப்போது பையில் முன்னைவிட ஒரு அவுன்ஸ் அதிகம். கையை எடுத்துவிட்டு விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்தேன். பிறகு குழாயை அரை விரற்கடை அளவு மெல்லத் திருப்பினேன், இழுக்கவில்லை. பீச்சாங்குழலின் தண்டைப் பின்னால் மெதுவாக இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சட்டென்று பழுப்பு நிறத்தில் ரத்தக்கட்டி ஒன்று, நெல்மணி அளவுதான், குழாய்க்குள் வந்தது. அதன் பின்னாலேயே மூத்திரம் ஓடி வந்து என் மணிக்கட்டை நனைத்தது. அவ்வளவு நல்ல ஈரத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோமதியின் மூக்குக்குப் பக்கத்திலும் காதோரத்திலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஆவுடையாச்சி உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஆஸ்பத்திரித் தீட்டோட வீட்டுக்குள்ள கிடக்கக் கூடாது. அருவியில கொண்டுபோயி நிறுத்துவோம். கூட்டம் சேருததுக்கு முன்னால போயிட்டு வந்துரலாம். தூக்குங்கட்டி" என்றார்.

இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடம் நல்ல சீசன். அந்தத் தண்ணீருக்கு அடியில் திடகாத்திரமான ஆள் நின்றாலே முதுகு கன்றிப்போகும். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஆச்சி, இவ நிக்கவே கூடாது. நின்னாளோ, எல்லாம் போச்சு."

"நீ தள்ளு. எங்க வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

ஒருத்தி என் தோளைப் பிடித்து விலக்கினாள். மாட்டேன் என்று கோமதிக்குப் பதிலாக நானே இன்னொரு பொய்யைச் சொல்லத் தயாராக இருந்தேன். டாக்டர் கலெக்டருக்கு எழுதிவிடுவார், போலீஸ் வரும் என்றெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏனோ சொல்லவில்லை. திரும்பிக் கட்டிலைப் பார்த்து, "கோமதி, உன்னத்தான் தூக்க வந்திருக்காவ. நீதான் சொல்லணும். போறியா?" என்றேன்.

அவள் வாரேன் என்றுதான் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொன்னால் நான் விலக வேண்டியதுதான்.

"நான் வரல அத்தை" என்றாள்.

"என்னட்டி சொன்ன?"

"பதினோரு நாளா என் பாய் நனையல அத்தை." அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் மூணு நாளு. என்னைய விட்டுருங்க. நான் வரமாட்டேன்."

ஆவுடையாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். அடிப்பார் என்று பயந்தேன். அவர் உறவுக்காரப் பெண்களைப் பார்த்து, "போங்கட்டி" என்றார். பிறகு அவரும் போய்விட்டார்.

மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு தனியாக வந்தார். முதல் தடவையாக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையாச்சி குனிந்து, அவள் இடுப்புக்குக் கீழே பாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி வைத்தார்.

"உள்ளதைச் சொல்லு. குழாயை எடுத்த பெறகும் நிக்குமா?"

"நிறைய பேருக்கு நின்னிருக்கு ஆச்சி. சில பேருக்கு நிக்கல."

"எத்தனை வருஷமானாலும் நிக்குமா?"

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். பாட்டி மாதிரி இருந்தார்.

"என் மகன் பொறந்தப்போ வந்தது எனக்கு" என்றார். "இருபது வருஷமாச்சு. அதுக்கப்புறம் அவிய என் பக்கம் வந்ததில்ல. தள்ளியும் விடல. வருஷா வருஷம் இந்த வீட்ட எடுக்குதது எனக்காகத்தான். நாலு மாசம் இங்கன வந்து கெடப்பேன். அருவிக்குள்ள நின்னா யாருக்கும் தெரியாதுல்லா. எல்லாருக்கும்தான் சேலை நனைஞ்சிருக்கும். அந்த நேரம் மட்டும் நானும் மத்த பொம்பளைய மாதிரி நிப்பேன்."

கோமதியைப் பார்த்தார். "இவளுக்கும் அதையாவது காட்டிக் குடுப்போம்னு பாத்தேன். வேற என்ன இருக்கு என்கிட்ட?"

டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். அழுத்தமாக. நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எனக்குத் தண்ணீர் சொம்போடு வந்தது.

பதினான்காம் நாள் மெர்சியம்மா குதிரை வண்டியில் வந்தார். மாமனார் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். புருஷன்காரன் கதவுக்கு வெளியே நின்றான். மெர்சியம்மா நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பதினோரு மணி, அடைப்பு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

பிறகு சோதனை. நீல மருந்து கலந்த தண்ணீரைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவோம். அதற்கு முன்னால் பிறப்புறுப்பின் உள்ளே மூன்று வெள்ளைத் துணித் துண்டுகளை வரிசையாக வைத்திருப்போம். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். தையல் எங்காவது ஒரு ஊசிமுனை அளவு விட்டிருந்தாலும் துணியில் நீலம் இருக்கும்.

ஆவுடையாச்சி மூலையில் நின்றார். அவரை வெளியே போகச் சொல்லும்படி மெர்சியம்மா சைகை செய்தார். "அத்தை இருக்கட்டும்" என்றாள் கோமதி.

முதல் துணியை எடுத்து எனாமல் தட்டில் வைத்தார். வெள்ளை. இரண்டாவது. வெள்ளை. கடைசித் துணிதான் தையலை ஒட்டி இருப்பது. மெர்சியம்மாவின் இடுக்கி ஒரு கணம் நின்றது. பிறகு எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளை.

"நின்றுவிட்டது" என்றார் தமிழில். கோமதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆவுடையாச்சி தட்டிலிருந்த மூன்று துணிகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது வண்டியில் நானும் மெர்சியம்மாவும் மட்டும். மேலகரம் வரும்வரை அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு மாதம் நீ எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார். சரி என்றேன். கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ அந்தப் பொய்யைச் சொன்னபோது, அதை வாங்கிக்கொள்ள நான் ஆசைப்பட்டேன், பாக்கியம். நல்ல காரணத்துக்காக அவளைக் கேட்காமல் விட எனக்கும் மனம் வந்தது. என் தாத்தாவிடமும் நல்ல காரணம்தான் இருந்தது."

கோமதி புருஷன் வீட்டுக்கே திரும்பினாள். இரண்டு வருடம் கழித்து உண்டானபோது ஏழாம் மாதமே வந்து படுத்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தோம். பெண் குழந்தை.

ஆனால் அந்தக் குற்றாலத்துச் சீசன் முடிந்து, அடுத்த தைப்பொங்கல் கழிந்த வாரத்திலேயே ஆவுடையாச்சி கூண்டு வண்டியில் வந்தார். கூட மருமகள். மெர்சியம்மா பரிசோதித்துவிட்டு, பழைய புண், தழும்பு கல்லாக இருக்கிறது, பலிக்காமல் போகலாம் என்றார். இரண்டு தடவை சொன்னார். ஆவுடையாச்சி, "கீறுங்க. நான்தான் சொல்லுதேன்" என்றார். பதினான்கு நாளும் சொட்டைப் பார்க்க எங்களைவிடக் கோமதிதான் அதிகம் விழித்திருந்தாள். மூன்றாவது துணி நீலமாக வந்தது. ஆவுடையாச்சி அழவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு ஆறு மாதத்தில் மறுபடி வந்தார். அந்தத் தடவை நின்றது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மெர்சியம்மாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு வரவில்லை.

ஆவுடையாச்சியை நான் கடைசியாகப் பார்த்தது தென்காசி ரயில் நிலையத்தில். அந்த இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் இருக்கும். மருந்துப் பெட்டிகள் வாங்கப் போயிருந்தேன். பெண்கள் பெட்டியின் ஜன்னலிலிருந்து, "ஏ பாக்கியம்!" என்று குரல் வந்தது. உள்ளே ஒரே நெரிசல். இரண்டு பெண்களுக்கு நடுவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வெள்ளைக்கரை போட்ட பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் யாரோ ஒருத்தியின் குழந்தை.

"எங்க ஆச்சி, தனியா?"

"அம்பாசமுத்திரம். எங்க அக்கா வீட்டுக்கு. அவ மக கல்யாணத்துக்குப் போகல, அவ புருஷன் செத்ததுக்குப் போகல. வண்டியில நாலு பேரு நடுவுல எப்படிப் போயி உட்காருதது? பணத்திமிருன்னு நெனச்சிக்கிட்டு இருவது வருஷமா என்கிட்ட பேசாம இருக்கா."

"இப்ப என்ன சொல்லப் போறீய?"

வண்டி ஊதியது. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டார்.

"உள்ளதைத்தான்" என்றார்.